மூன்று நாட்களைக் கடந்த விருந்தினர்: சயாமில் வாழ்ந்தோரின் எழுத்துகள் குறித்து ஒரு மதிப்பீடு

ஒரு நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்தவர் அந்நாட்டு மக்களைப் பற்றி எழுதும்போது, அவரது எழுத்துக்குத் தானாகவே ஓர் அதிகாரம் வந்து சேர்கிறது. மூன்று வாரம் சுற்றிவந்த பயணியின் குறிப்பை ஐயத்தோடு படிக்கும் நாம், 'இருபது ஆண்டுகள் அங்கேயே இருந்தவர்' என்ற அறிமுகத்தைக் கண்டதும் அந்த ஐயத்தைக் கைவிட்டுவிடுகிறோம். இந்த நம்பிக்கை எந்த அளவுக்கு நியாயமானது? வசித்த ஆண்டுகளின் எண்ணிக்கைக்கும் அறிந்த உண்மையின் அளவுக்கும் நேரான தொடர்பு உண்டா?

இவ்வினாவை ஆராய்வதற்குத் தாய்லாந்து மிகப் பொருத்தமான களமாகும். பாரசீகர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், அமெரிக்கர், சீனர் எனப் பல இனத்தார் அங்கு தங்கி வாழ்ந்திருக்கின்றனர். அவர்களுட் சிலர் அம்மக்களின் அன்றாட வாழ்வைப் பற்றி எழுதியும் வைத்துள்ளனர். அண்டை நாடுகளெல்லாம் ஐரோப்பியருக்கு அடிமைப்பட்ட காலத்திலும் அந்நாடு அவர்களது நேரடி ஆட்சிக்கு உட்படவில்லை. ஆகவே அங்கு தங்கிய அந்நியர், ஆள்வோராக அன்றி விருந்தினராகவே இருக்க நேர்ந்தது. விருந்தினரின் உரிமை மூன்று நாட்கள் என்றும், அதற்கு மேற்பட்டது விருந்தளிப்பவர் செய்யும் தருமம் என்றும் நபி (ஸல்) அவர்கள் வகுத்தளித்த வரையறையை வாசகர் அறிவர். அம்மூன்று நாட்களைக் கடந்து, முப்பது ஆண்டுகள் தங்கிவிட்ட விருந்தினர் தம்மை ஏற்ற மக்களுக்கு எழுத்தில் எதைத் திருப்பியளித்தனர் என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. 'தாய் மொழி', 'தாய் மக்கள்' என்று எழுதினால் தமிழில் வேறு பொருள் தொனிக்குமாதலால், 1939 வரை நிலவிய சயாம் என்ற பெயரையே பல இடங்களில் கையாள்கிறேன்.

இரு பெயர்கள்

வெளியாரைக் குறிக்கச் சயாம் மொழியில் வழங்கும் சொற்களுள் இரண்டு கவனத்திற்குரியவை. ஒன்று 'ஃபராங்'. இது வெள்ளையரைக் குறிப்பது. 'ஃபிராங்க்' எனும் ஐரோப்பிய இனப்பெயர் அரபியில் 'இஃப்ரன்ஜ்' ஆகி, பாரசீகத்தில் 'ஃபரங்' ஆகி, முஸ்லிம் வணிகரின் நாவழியே கிழக்குக் கடற்கரைகளெங்கும் பரவியது என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். நமது 'பறங்கி'யும் அதே சொல்லின் மற்றொரு வடிவமே. பறங்கிப்பேட்டை என்ற ஊர்ப்பெயரில் அது இன்றும் நிலைத்திருக்கிறது. கடல் கடந்து வந்த காய் ஒன்றை நாம் பறங்கிக்காய் என்றோம். சயாமியரோ கொய்யாவை 'ஃபராங்' என்றே அழைக்கின்றனர்.

மற்றொன்று 'கேக்' எனும் சொல். அதன் நேர்ப்பொருள் விருந்தினர் என்பதாகும். ஆனால் நடைமுறையில் அது இந்தியர், பாரசீகர், அரபியர், மலாயர் ஆகியோரைச் சுட்டும் இனப்பெயராகவும் வழங்குகிறது. பாங்காக்கின் சீலோம் பகுதியில் 19ஆம் நூற்றாண்டில் தமிழர் எழுப்பிய மாரியம்மன் கோயிலை மக்கள் 'விருந்தினர் கோயில்' என்று பொருள்படும் பெயரால்தான் அழைக்கின்றனர். ஒருவரை விருந்தினர் என்பது மரியாதை. அவருடைய பேரனையும் அவ்வாறே அழைப்பது அவன் இன்னும் வீட்டாருள் ஒருவனாகவில்லை என்று நினைவூட்டுவது. தென்மாகாணங்களின் மலாய் முஸ்லிம்கள் தம் பூர்வீக மண்ணிலேயே இப்பெயரால் அழைக்கப்படுவதை விரும்பாததற்கு இதுவே காரணம். விருந்தோம்பலும் விலக்கி வைத்தலும் ஒரே சொல்லுக்குள் குடியிருக்கின்றன. அங்கு தங்கியவர்களின் எழுத்துகளைப் படிக்கையில் இவ்விரு பொருளையும் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

பாரசீக ஏடும் பிரெஞ்சு நூலும்

ஸஃபவிப் பேரரசர் ஷா சுலைமான், சயாம் மன்னர் நாராயிடம் 1685இல் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். அக்குழு சென்னப்பட்டினத்தில் தங்கி, மெர்குயி வழியாகச் சயாம் சென்றது. குழுவின் எழுத்தராகிய இப்னு முஹம்மத் இப்ராஹீம் எழுதிய 'ஸஃபீனயெ சுலைமானீ' எனும் பாரசீக நூல் அப்பயணத்தின் பதிவு. ஜான் ஓகேன் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1972இல் வெளிவந்த பின்னரே அது பரவலாக அறியப்பட்டது.

அந்நூலின் வரலாற்றுப் பயன் பெரிது. அயூத்தியா நகரில் வேரூன்றியிருந்த ஈரானியச் சமூகத்தைப் பற்றிய அரிய செய்திகளை அது தருகிறது. 1656இல் நாராய் அரியணை ஏறியதற்கு அச்சமூகம் துணைநின்ற வரலாறும், அமைச்சராய் உயர்ந்த ஆகா முஹம்மத் அஸ்தராபாதியின் ஏற்றமும் வீழ்ச்சியும் அதில் பதிவாகியுள்ளன. ஆயினும் மக்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ஆசிரியரின் நடை மாறிவிடுகிறது. உணவு, உடை, சட்டம், ஈமச்சடங்கு யாவும் ஈரானிய அளவுகோலால் அளக்கப்பட்டுக் குறைவுடையனவாகத் தீர்ப்பிடப்படுகின்றன. அந்நாட்டில் நன்றாயிருப்பவை ஈரானியர் கற்பித்தவையாகக் காட்டப்படுகின்றன. மன்னர் இஸ்லாத்தைத் தழுவுவார் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறாத ஏமாற்றமும் இத்தீர்ப்புகளின் அடியில் கலந்திருக்கிறது. நம்மவர் எழுதியது என்பதற்காக இக்குறையை மறைத்தல் விமர்சன நேர்மையாகாது. தன் ஊரை அளவுகோலாக வைத்துப் பிறர் ஊரை அளக்கும் பழக்கத்தை நாம் ஐரோப்பியரிடம் மட்டுமே கண்டு கண்டிப்பது வழக்கம். அது விருந்தினர் அனைவருக்கும் பொதுவான நோய் என்பதை இந்நூல் உணர்த்துகிறது.

இதற்கு மாறானது, பிரெஞ்சுத் தூதர் சிமோன் த லா லூபேர் 1691இல் வெளியிட்ட சயாம் பற்றிய நூல். 1687ஆம் ஆண்டின் பிற்பகுதியில் சென்ற அவர் சில மாதங்களே அங்கிருந்தார். எனினும் தாம் நேரிற் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று இயன்றவரை பிரித்துக் காட்டினார். படகு, வீடு, உணவு, கணிதம், நாட்காட்டி என நுணுக்கமாக விவரித்தார். சயாமியரின் வானியற் கணக்கு விதிகளையும் அவர் கொண்டுவந்தார். அவற்றை விளக்கி எழுதியவர் புகழ்பெற்ற வானியலாளர் காசினி. ஐரோப்பியத் தற்பெருமை அவரிடமும் உண்டு. ஆயினும் மூன்று தலைமுறை வாழ்ந்த ஈரானியர் கூறக் கேட்டு எழுதிய நூலைவிட, சில மாதம் தங்கியவரின் நூல் மக்களைக் கூடுதலாகக் காட்டுகிறது. வசித்த காலம் தன்னளவில் சான்றாகாது என்பதற்கு இதுவே முதற் சான்று.

ஆசிரியையின் புனைவு

1862 முதல் 1867 வரை மன்னர் மோங்குத் அரண்மனையில் ஆங்கிலம் கற்பித்த அன்னா லியோனோவன்ஸ், 1870இலும் 1873இலும் இரு நூல்களை எழுதினார். அவற்றை அடிப்படையாகக் கொண்டு மார்கரெட் லாண்டன் 1944இல் எழுதிய நூலிலிருந்து நாடகமும், 1956இல் புகழ்பெற்ற திரைப்படமும் தோன்றின. அந்தப்புரத்தின் கொடுமைகளும் நிலவறைச் சிறைகளும் நிறைந்த அவரது சித்திரத்தையே மேலுலகம் சயாமாக எண்ணிவந்தது. சதுப்பு நிலமாகிய பாங்காக்கில் நிலவறை தோண்டினால் நீர்தான் நிறையும் என்ற எளிய உண்மையைப் பின்னாளில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். தாய்லாந்து அரசு அத்திரைப்படத்தையும், 1999இல் அதே கதையைக் கொண்டு வந்த படத்தையும் தடை செய்தது.

இதைவிட ஆழ்ந்து நோக்கத்தக்கது அவரது தன்வரலாறு. வேல்ஸ் நாட்டிற் பிறந்த உயர்குடிப் பெண்ணாகத் தம்மைக் காட்டிக்கொண்ட அவர், உண்மையில் 1831இல் இந்தியாவின் அகமத்நகரில், படைவீரர் குடும்பமொன்றில் பிறந்தவர். அவரது தாய்வழியில் இந்தியக் கலப்பு இருந்திருக்கலாம் என்பதும் ஆய்வாளரின் கருத்து. தம் பிறப்பை மறைத்தவர், தாம் கண்டவர்களையும் திரித்தே எழுதினார். இவ்விரண்டையும் தனித்தனிக் குற்றங்களாகக் கருத இயலவில்லை. தம்மை யார் என்று விருந்தளிப்பவருக்கும் வாசகருக்கும் காட்ட அஞ்சுகிற விருந்தினர், அவர்களையும் உள்ளவாறு காட்டார். அடிமைப்பெண்களின் துயரத்தை அவர் எழுதியது வெறும் பொய் என்று தள்ளிவிடவும் முடியாது. அடிமை முறை அங்கு இருந்தது, 1905இல்தான் சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது. ஆனால் உண்மையான துயரத்தையும் நம்பமுடியாததாக்கிவிட்டது அவருடைய மிகை.

புன்னகையின் நாடு

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து இவ்வகை எழுத்தின் பொருள் அரண்மனையிலிருந்து அன்றாட வாழ்வுக்கு நகர்கிறது. சூலலோங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த அமெரிக்கப் பெண்மணி கரோல் ஹோலிங்கர் எழுதி 1965இல் வெளிவந்த நூல் இதன் சிறந்த தொடக்கம். 'மாய் பென் ராய்' எனும் சயாம் தொடர் அந்நூலின் தலைப்பிலேயே இடம்பெறுகிறது; பரவாயில்லை என்பது அதன் பொருள். சயாமியரைக் கேலி செய்வதைவிட, தனிக்குடியிருப்புக்குள் அடைந்து கிடந்து குறைகூறும் தம் நாட்டவரையும் தம்மையும் கேலி செய்வதே அவரது இயல்பு. அதனால்தான் அந்நூல் இன்றும் வாசிக்கத்தக்கதாய் இருக்கிறது.

அவருக்குப் பின் வந்த பலர் அந்தச் சுயநகைப்பை விட்டுவிட்டு வாய்பாட்டை மட்டும் எடுத்துக்கொண்டனர். எப்போதும் புன்னகை, எதற்கும் 'மாய் பென் ராய்', பிறருக்குச் சங்கடம் நேராமல் ஒதுங்கும் 'கிரெங் ஜாய்' எனும் மூன்று சொற்களால் ஒரு சமுதாயத்தையே விளக்கிவிடும் நூல்கள் பெருகின. முதற் சந்திப்பிலேயே வயதைக் கேட்கிறார்கள், தெருவிற் கண்டால் 'எங்கே போகிறீர்கள்' என்கிறார்கள், 'சாப்பிட்டாயிற்றா' என்று நலம் விசாரிக்கிறார்கள், கடைக்காரியைக்கூட அக்காள் என்றே விளிக்கிறார்கள் என்பன அந்நூல்களில் தவறாமல் வரும் வியப்புகள்.

தமிழ் வாசகருக்கு இவற்றில் வியக்க என்ன இருக்கிறது? வயது தெரியாமல் ஒருவரைக் காக்கா என்பதா தம்பி என்பதா, லாத்தா என்பதா தங்கச்சி என்பதா என்று நாமும் தடுமாறுகிறோம். 'பீ' என்று மூத்தாரையும் 'நோங்' என்று இளையாரையும் அழைக்கும் மொழியில் வயதை அறியாமல் பேச்சே தொடங்க முடியாது. 'எங்கே போகிறீர்கள்' என்பது நமக்கும் வினா அன்று, முகமன்தான். ஆக, மேலைநாட்டு விருந்தினர் 'சயாமியரின் இயல்பு' என எழுதியவற்றிற் கணிசமானவை, உண்மையில் எழுதியவரது இயல்புக்கும் ஆசியச் சமுதாயங்களுக்கும் இடையிலுள்ள தூரத்தின் அளவுகளே. அங்கு தங்கிய ஒரு தமிழர் எழுதியிருந்தால், இவற்றையெல்லாம் ஒரு வரியிற் கடந்துவிட்டு நமக்கும் அவர்களுக்கும் மெய்யாகவே வேறுபடும் இடங்களைத் தேடியிருப்பார். ஒரு சிறுவன் சில காலமேனும் துறவாடை உடுத்துத் திரும்புவது ஒரு குடும்பத்துக்கு என்னவாக இருக்கிறது, தந்தைவழியைவிடத் தாய்வழி உறவு வலுவாயுள்ள வீடுகளில் மருமகனின் நிலை யாது, சந்தையில் பெண்களின் கை ஓங்கியிருப்பது வீட்டினுள் எவ்வாறு பிரதிபலிக்கிறது என்ற வினாக்கள் அவருக்குத் தோன்றியிருக்கும். அப்படியொரு நூல் இல்லாமை யாருடைய இழப்பு என்பதைப் பின்னர்க் காண்போம்.

பார்வைக்கு வெளியே

இந்நூல்கள் கூறுவதைப் போலவே அவை கூறாமல் விடுவனவும் ஆராயத்தக்கவை. தாய்லாந்தில் வாழ்ந்த அமெரிக்கருள் மிகவும் புகழ்பெற்றவர் ஜிம் தாம்சன். 1948இல் பட்டு நிறுவனம் தொடங்கி, சயாமியப் பட்டை உலகறியச் செய்து, 1967இல் மலேசியாவின் கேமரன் மலையில் காணாமற்போனவர். அவரது வீடு இன்று அருங்காட்சியகம். அவ்வீட்டுக்கு எதிரே, சேன் சேப் கால்வாயின் மறுகரையில் இருப்பது பான் குருவா. அவருக்குத் தொடக்க காலத்தில் பட்டு நெய்து கொடுத்தவர்கள் அக்கரையில் வாழும் சம்பா வழிவந்த முஸ்லிம்கள். அவர்களது முன்னோர் முதலாம் இராமர் காலத்தில் படைப்பணிக்காக அந்நிலத்தைப் பெற்றவர்கள் என்பது வரலாறு. தம் குடியிருப்பின் ஊடாக விரைவுச்சாலை வராமல் தடுக்க அவர்கள் நடத்திய நீண்ட போராட்டம் தாய்லாந்து மக்கள் இயக்க வரலாற்றில் இடம்பெற்றது. தாம்சனைப் பற்றிப் பல நூல்கள் உள்ளன. கால்வாயின் மறுகரை அவற்றிற் பெரும்பாலும் பின்னணிக் காட்சியாகவே வருகிறது.

'வெளிநாட்டுவாசி' என்ற சொல்லே யாரை உள்ளடக்குகிறது? வங்கியில் எட்டு இலட்சம் பாட் வைப்புக் காட்டி, 50 வயதுக்கு மேல் ஓய்வு வாழ்வுக்கென வந்தவர் வெளிநாட்டுவாசி. மியன்மார், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்து மீன்பிடிப் படகிலும் கட்டடத்திலும் பிறர் வீட்டுச் சமையலறையிலும் உழைக்கும் 20 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வெறும் தொழிலாளர். நீண்டகால அனுமதியில் இருக்கும் வெளிநாட்டவர் 90 நாட்களுக்கு ஒருமுறை தம் முகவரியைக் குடிவரவு அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும். சாதாரணமாக அவர்கள் நிலம் வாங்க இயலாது. நிரந்தர வதிவிட உரிமை ஆண்டுக்கு ஒரு நாட்டவருக்கு 100 பேர் என்ற வரம்புக்குட்பட்டது. இவ்விதிகளைப் பற்றி நூற்றுக்கணக்கான பக்கங்கள் புலம்பலாக எழுதப்பட்டுள்ளன. அதே விதிகளின் இன்னும் கடுமையான முனையில் நிற்பவரைப் பற்றி அப்பக்கங்களில் மிகக் குறைவாகவே காண்கிறோம்.

2004 அக்டோபர் 25 அன்று, ரமளான் மாதத்தில், நராதிவாத் மாகாணத்தின் தாக் பாய் எனும் ஊரில் காவல் நிலையத்தின் முன் கூடியோர் கைது செய்யப்பட்டு, இராணுவ வாகனங்களில் ஒருவர்மேல் ஒருவராக அடுக்கப்பட்டுக் கொண்டு செல்லப்பட்டனர். அன்று இறந்தோர் 85 பேர். அவர்களுள் 78 பேர் வாகனங்களில் மூச்சுத்திணறியும் நசுங்கியும் மாண்டவர்கள். குற்றஞ்சாட்டப்பட்ட எவரும் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாமலேயே 2024 அக்டோபரில் வழக்குக்கான காலவரம்பு முடிந்துபோனது. புன்னகையைப் பற்றி எழுதும் நூல்களில் இத்துயரத்துக்கு இடமில்லை. நீதியின் பொருட்டு ஒன்றையும் கூறவேண்டும்: விருந்தினரின் மௌனம் யாவும் அலட்சியத்தால் விளைந்ததன்று. அந்நாட்டுக் குற்றவியற் சட்டத்தின் 112ஆம் பிரிவு, மன்னரை இழிவுபடுத்தியதற்கு 3 முதல் 15 ஆண்டுச் சிறை விதிக்கிறது. வெறும் 50 படிகள் அச்சிட்ட நாவலொன்றின் ஒரு பத்திக்காக ஆஸ்திரேலியரான ஹாரி நிக்கோலாய்டிஸ் 2009இல் மூன்றாண்டுச் சிறைத் தண்டனை பெற்று, பின்னர் மன்னிக்கப்பட்டார். அச்சம் நியாயமானதே. எனினும் ஒன்றைப் பற்றிப் பேச இயலாதவர், தாம் பேசுவதே முழு உண்மை என்ற தோரணையையாவது தவிர்த்திருக்கலாம்.

மகள் எழுதிய தந்தை

இவ்வகையில் நான் அறிந்தவற்றுள் தலைசிறந்த நூல், விருந்தினர் ஒருவரால் எழுதப்படவில்லை என்பது வியப்பன்று. போத்தான் என்ற புனைபெயர் கொண்ட எழுத்தாளர் 1969இல் வெளியிட்ட 'தாய்லாந்திலிருந்து கடிதங்கள்' எனும் சயாம் மொழி நாவல் அது. ஆசிரியை, சீனாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1945இல் பிறந்தவர். சூசன் கெப்னர் அந்நாவலை ஆங்கிலத்தில் பெயர்த்தார்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் பிழைப்புத் தேடிப் பாங்காக் வந்த தான் சுவாங் ஊ, ஊரிலுள்ள தாய்க்கு இருபதாண்டுகளுக்கும் மேலாக எழுதும் கடிதங்களே நாவலின் வடிவம். தாயிடமிருந்து பதில் வருவதில்லை. அவர் உழைக்கிறார், மணம் முடிக்கிறார், வணிகத்தில் உயர்கிறார். கூடவே சயாமியரைப் பற்றி ஓயாமல் தீர்ப்பளிக்கிறார். சோம்பேறிகள், ஊதாரிகள், நாளையைப் பற்றிக் கவலையற்றவர்கள் என்கிறார். மேற்கூறிய வெள்ளையர் நூல்கள் இனிமை பூசிச் சொன்னதை இவர் பூச்சின்றிச் சொல்கிறார். தம் இனத்து மொழியும் ஒழுக்கமும் பிள்ளைகளிடம் கரைந்துபோவதைக் கண்டு கலங்குகிறார். அவர் பெரிதும் பொருட்படுத்தாத கடைசி மகள், ஆசிரியராய்ப் பணியாற்றும் சயாமியர் ஒருவரை மணக்க விரும்புவது அவருக்குப் பேரிடி. ஆனால் அந்த மருமகனின் நேர்மைதான், தாம் கட்டி வைத்த தீர்ப்புகளை ஒவ்வொன்றாகத் திரும்பிப் பார்க்கும்படி அவரை நிர்ப்பந்திக்கிறது.

நாவலின் வலிமை இங்கேதான் இருக்கிறது. தந்தையின் கருத்துகளை ஆசிரியை மறுத்துரைக்கவில்லை. அவற்றை இருபதாண்டு வாழ்வின் முன் நிறுத்தி, வாழ்வே தீர்ப்பளிக்குமாறு விட்டுவிடுகிறார். மற்ற நூல்களில் விருந்தினர் எடைபோடுகிறார், விருந்தளிப்பவர் தட்டில் வைக்கப்படுகிறார். இந்நாவலில் எடைபோடுபவரும் தட்டில் ஏறுகிறார். அந்தச் சீனத் தந்தை நேசத்துக்குரியவராகவும் நகைப்புக்குரியவராகவும் ஒரே சமயத்தில் தோன்றுவதற்குக் காரணம், அவர் அம்மண்ணில் பிறந்த தலைமுறையின் கண்ணால் பார்க்கப்படுகிறார் என்பதே. நாவலின் பிற்பகுதி சற்று அவசரமாக இணக்கத்தை நோக்கிச் செல்கிறது. சயாமிய மருமகன் குறையற்றவனாய் வரையப்பட்டிருப்பதும் கலைநோக்கிற் பலவீனமே. அக்காலத்தில் குடியேறியோரைச் சயாமியராக்க முனைந்த அரசின் விருப்பத்துக்கு அவ்விணக்கம் ஒத்துப்போகிறது என்ற குற்றச்சாட்டையும் முற்றாகத் தள்ளிவிட முடியாது. ஆயினும் அந்நிய வாழ்வை இத்துணை நேர்மையுடன் இருபுறமும் காட்டிய நூல் அரிது.

நமது கணக்கு

இவ்வளவும் பிறர் எழுதியவை. தமிழ் முஸ்லிம்களாகிய நமக்குச் சபர் புதிதன்று. கொழும்பு, இரங்கூன், பினாங்கு, பாங்காக், பின்னர் வளைகுடா எனத் தலைமுறைகளாக நம் சபராளிகள் கடல் கடந்தனர். 17, 18ஆம் நூற்றாண்டுகளில் மெர்குயித் துறையில் சூலியா வணிகர் இருந்தனர். காயல்பட்டினம் முதலிய ஊர்களிலிருந்து மாணிக்க வணிகத்தின் பொருட்டுச் சென்று பாங்காக்கில் வாழ்வோர் இன்றும் உளர். எந்தக் கல் எந்தச் சுரங்கத்தது, சந்தாபுரிச் சந்தையில் யாரை நம்பலாம், எந்தப் புன்னகை ஒப்புதல், எது மறுப்பு என்பதையெல்லாம் அவர்கள் அறிவார்கள். அந்த அறிவு கடைத்தெருவிலும் குடும்பப் பேச்சிலும் வாழ்ந்து, அவர்களோடு மறைந்துபோகிறது. தமிழிலக்கியத்தில் சயாம் ஓரளவு அழுத்தமாக வருமிடம், மலாயாத் தமிழர் ஆயிரக்கணக்கில் மடிந்த 1942-43ஆம் ஆண்டுகளின் மரண ரயில்பாதை பற்றிய எழுத்துகளே. ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' எனும் மலேசியத் தமிழ் நாவல் அதற்குச் சான்று. துயரம் எழுதப்பட்டது, அண்டை வீட்டாராய் வாழ்ந்தது எழுதப்படவில்லை.

தாய்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள தக்குவா பா எனுமிடத்தில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. அங்கு வெட்டப்பட்ட அவனிநாரணம் எனும் குளத்தை மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாவலில் ஒப்படைக்கும் செய்தி அதில் உள்ளது. அந்நாட்டில் தமிழ் விட்டுச் சென்ற பழைய எழுத்துகளுள் ஒன்று, பிறர் குடிக்கும் நீரைப் பற்றியதாய் இருக்கிறது. பிற்காலத்தில் வந்த நாம் பள்ளிவாசல் கட்டினோம், சங்கம் அமைத்தோம், ஊருக்குப் பணம் அனுப்பினோம். யாருடைய மண்ணில் தொழுதோமோ அவர்களைப் பற்றி ஒரு நல்ல நூலைக்கூட நம் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லவில்லை.

மனிதர் பல கிளையினராயும் கோத்திரத்தாராயும் ஆக்கப்பட்டதன் நோக்கம் 'தஆருஃப்' என அல்குர்ஆன் (49:13) உரைக்கிறது. அரபு இலக்கணப்படி அச்சொல்லின் வடிவம் இருபாற் செயலைக் குறிப்பது. ஒருவர் அறிய மற்றவர் அறியப்படுவது அன்று. இருவரும் ஒருவரையொருவர் அறிவது. பாரசீக எழுத்தரும் ஆங்கில ஆசிரியையும் தவறியது இவ்விரண்டாம் பாதியில்தான். நாமோ முதற் பாதியைக்கூட எழுத்திற் கொண்டுவரவில்லை. பாங்காக்கிலும் பினாங்கிலும் வளைகுடாவிலும் முப்பது ஆண்டுகள் கழித்து ஊர் திரும்பியிருக்கும் பெரியவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். நம் கல்லூரிகளில் தமிழும் வரலாறும் பயிலும் மாணவர் அவர்களிடம் சென்று, ஈட்டியதை அன்று, தம்மோடு வாழ்ந்த அம்மக்களைப் பற்றிக் கேட்டெழுதட்டும். அம்மக்கள் நம்மை எவ்வாறு கண்டனர் என்பதையும் சேர்த்தே கேட்கட்டும். மூன்று நாட்களுக்கு மேல் உண்ட உணவுக்கு நம்மால் செலுத்தக்கூடிய கடன் அதுவே.